நின்று கெடும் எஞ்சின்: பழைய டீசல் மோட்டார்ஹோம் வாங்கியவர்களுக்கு முதல் வருட வேலைகள்

அமெரிக்காவில் பழைய டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடு போலத் தங்கிப் பயணம் செய்யும் வண்டி) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரை. கால் நூற்றாண்டு தாண்டிய வண்டி 60,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் முகம் மலர்ந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் மலர்ந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு இரண்டாயிரம் மைல் சொச்சம். மீதி நாளெல்லாம் வண்டி எங்கோ ஒரு கொட்டகையில் நின்றிருக்கிறது.

வாங்கிய வாரமே நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்குப் போன் போட்டேன். எஞ்சின் எது என்று கேட்டார். சொன்னேன். "அட, அது நம்ம டாட்டா லாரில வர்ற எஞ்சின்தான் மாப்ளே. அது ஓடுனா கெடாது. நின்னாத்தான் கெடும். எத்தன நாள் நின்னுச்சுன்னு மொதல்ல விசாரி" என்றார். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் முதல் வருட வேலைகளை எல்லாம் செய்தேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி 1997ஆம் ஆண்டு மாடல். எஞ்சின் பின்னால் இருக்கும். கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு, டீசலைப் பீய்ச்சும் பாஷ் பி7100 பம்ப். தொண்ணூறுகளில் வந்த பின் எஞ்சின் வண்டிகளில் இது நிறையவே கிடைக்கும். மாமா சொன்னதும் உண்மை. 1993இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாட்டா கம்மின்ஸ் இதே பி வரிசை எஞ்சின்களைத்தான் டாட்டா லாரிகளுக்குச் செய்து கொடுத்தது. எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, டைமிங் பெல்ட் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பொறுமையான எஞ்சின் அமையாது. உங்களுடையது 1998 நடுவில் வந்த 24 வால்வு வகையாகவோ, 2003 முதல் வந்த காமன் ரெயில் (மிக அதிக அழுத்தத்தில் டீசலைச் சேர்த்து வைத்துப் பீய்ச்சும்) வகையாகவோ இருந்தால் டீசல் பக்கத்து வேலைகள் மாறும். அந்த இடங்களில் சொல்கிறேன்.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன்

இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பெரிய மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை) மேல் நிற்பவை. காற்று இறங்கினால் வண்டியும் இறங்கும். ஒரு ஹோஸ் வெடித்தாலோ வால்வு ஒன்று கோளாறானாலோ பத்து டன்னுக்கு மேற்பட்ட வண்டி ஒரு நொடியில் கீழே உட்காரும். அடியில் இருப்பவர் நகர நேரம் இருக்காது. இப்படி உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வண்டியோடு வரும் லெவலிங் ஜாக்கியை நம்பியும் அடியில் போகக் கூடாது. அது வண்டியை மட்டமாக நிறுத்துவதற்கு மட்டும்தான். சமதளமான கான்கிரீட் தரை, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் எடைக்கு ஏற்ற ஜாக் ஸ்டாண்டுகள் என்று எல்லாம் வைத்த பிறகு, காற்று முழுவதும் இறங்கினாலும் வண்டி ஸ்டாண்டு மேலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கும்.

எஞ்சினைத் திருப்பி யோசியுங்கள்

பின் எஞ்சின் வண்டியில் புதியவர்கள் குழம்பும் முதல் விஷயம் திசை. எஞ்சின் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் 'முன்பக்கம்', அதாவது பெல்ட்டும் ஃபேனும் உள்ள பக்கம், வண்டியின் பின் பம்பரைப் பார்த்தபடி இருக்கும். முதல் சிலிண்டர் பம்பர் பக்கம், ஆறாவது கியர்பாக்ஸ் பக்கம். மேனுவலில் எஞ்சினின் 'இடது' என்று போட்டிருந்தால் அது வண்டியின் வலது. டீசல் பம்ப் எஞ்சினுக்கு இடப்பக்கம் என்பதால், வண்டியில் அது பயணி பக்கம் வரும். ஒரு மாஸ்கிங் டேப்பில் 1 முதல் 6 வரை எழுதி ஒவ்வொரு வால்வு மூடிமேலும் ஒட்டிவிடுங்கள். பிறகு குழப்பமே வராது.

பெரும்பாலான வண்டிகளில் படுக்கையறைக் கட்டிலைத் தூக்கினால் அடியில் ஒரு பலகை. அதைக் கழற்றினால் எஞ்சின். பழைய பெட்ஷீட் இரண்டு விரித்துக்கொள்ளுங்கள், கார்ப்பெட்டில் ஏறிய டீசல் வாடை மாதக்கணக்கில் போகாது.

அடுத்து டேட்டா பிளேட்டைத் தேடுங்கள். பம்ப் இருக்கும் பக்கம் கியர் ஹவுசிங்கில் இருக்கும். அழுக்கைத் துடைத்து எஞ்சின் சீரியல் எண்ணையும், என்னென்ன பாகங்கள் போட்ட எஞ்சின் என்று காட்டும் சிபிஎல் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த சீரியல் எண்ணைக் கொடுத்தால் கம்மின்ஸின் குவிக்சர்வ் தளத்தில் உங்கள் எஞ்சினுக்கு உரிய பாகங்களின் பட்டியலே வரும். "97 மாடல் மோட்டார்ஹோம்" என்று கடையில் போய்க் கேட்டால் பாதி நேரம் தவறான ஃபில்டர்தான் கைக்கு வரும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். எஞ்சினின் போல்ட் எல்லாம் மெட்ரிக், சேஸிஸில் அங்குல அளவும் கலந்து வரும், எனவே இரண்டு செட் சாக்கெட். டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், தலையில் மாட்டும் விளக்கு, தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். அப்புறம் ஒரு நோட்டு. தேதி, மைல், செய்த வேலை, போட்ட ஃபில்டரின் எண் எல்லாம் அதில் எழுதுங்கள்.

முதலில் டீசல்

நின்ற வண்டியில் முதலில் கெடுவது டீசல் டேங்க். பாதி காலியான டேங்கில் இரவு பகல் சூடு மாறும்போது ஈரம் வியர்த்து, நீராகி அடியில் தங்கும். நீரும் டீசலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வழவழப்பான கருப்புப் பாசி போல அது ஃபில்டரில் வந்து அடைக்கும்.

எனவே முதல் வேலை: ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஃபில்டருக்கு அடியில் உள்ள நீர் வடிகாலைத் திறந்து, ஒரு டம்ளர் அளவு பிடியுங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். நான் முதல் முறை பிடித்தபோது மேலே தேன் நிறத்தில் டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்கு நீர், நடுவில் முடி போலக் கருப்பாக மிதந்த அழுக்கு. அந்தப் பாட்டிலைப் பார்த்த பிறகு அந்த டீசலில் ஒரு மைல்கூட ஓட்ட மனம் வரவில்லை. டேங்கைக் காலி செய்து, கிருமிக்கொல்லி கலந்த புது டீசல் நிரப்பி, அந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை ஃபில்டர் மாற்றினேன். மூன்றாவது ஃபில்டர் சுத்தமாக வந்தது.

ஃபில்டர் மாற்றுவது இப்படி. சுற்றிலும் உள்ள அழுக்கை முதலில் துடையுங்கள், திறந்த பிறகு துடைத்தால் அது உள்ளேதான் விழும். பழையதைக் கழற்றுங்கள். அதன் ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் கண்டிப்பாக ஒழுகும். புது ஃபில்டரில் சுத்தமான டீசலை ஊற்றுங்கள், ஆனால் நடுத்துளையில் வேண்டாம். சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாக ஊற்றினால்தான் அது வடிகட்டப்பட்டு பம்புக்குப் போகும். வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு கையால் அரை அல்லது முக்கால் சுற்று. ரெஞ்ச் தேவையில்லை. காமன் ரெயில் எஞ்சினுக்கு ஃபில்டரில் முன்கூட்டி டீசல் ஊற்றவே கூடாது. அந்த இன்ஜெக்டர்களுக்குத் தூசியின் துளிகூட ஆகாது.

பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். 12 வால்வு எஞ்சினில் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பில் கையால் அழுத்தும் ரப்பர் பொத்தான் உண்டு. அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். அழுத்த அழுத்தத் தொளதொளவென்றே இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கேம் ஷாஃப்ட்டின் மேடு அந்த நேரம் பம்பைத் தள்ளிப் பிடித்திருக்கலாம். எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மீண்டும் அழுத்துங்கள். எனக்கு இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அப்படியும் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது. பல வண்டிகளில் டீசல் டேங்க் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவில் முப்பது அடி குழாய். டீசலை உறிஞ்சும் அந்தக் குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும். கண்ணால் தேடிப் பயனில்லை. ஃபீட் பம்புக்கு முன்னால் ஓர் அடி ஒளிபுகும் டீசல் ஹோஸை இடையில் மாட்டிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், இருபது வருடம் ஆன ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அடுத்தது வெடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜெக்டர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று ஓடும் எஞ்சினில் கையை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு ஊசிக்குத்து போலத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். குத்திவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை.

ரேடியேட்டரின் காணாத பக்கம்

முதல் கோடையில் ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கலிபோர்னியாவின் மத்தியச் சமவெளி முடிந்து கிரேப்வைன் ஏற்றம் தொடங்குகிறது. ஆறு சதவீதச் சரிவு, கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரம் வரை ஏறும். பாதி மலையில் டெம்பரேச்சர் முள் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து கிளம்பி 210ஐ நோக்கி நகர்ந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். என் கண் சாலையில் இல்லை, முள்ளில் இருக்கிறது. ஓரம் கட்டி, ஆறவைத்து, ஊர்ந்து ஏறினோம்.

ஊருக்கு வந்ததும் ஒரு பட்டறையில் காட்டினேன். பின்னால் நின்று ரேடியேட்டரைப் பார்த்து "சுத்தமாக இருக்கிறது, தெர்மோஸ்டாட்தான்" என்று சொல்லி மாற்றினார்கள். அடுத்த ஏற்றத்திலும் அதே கதை.

ரேடியேட்டர் பின்னால் இருக்கும் வண்டியில் ஃபேன் காற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. அதனால் அழுக்கு சேர்வது எஞ்சினைப் பார்த்த பக்கம். அங்கே முதலில் டர்போக் காற்றை ஆற்றும் கூலர், அதற்குப் பின்னால்தான் ரேடியேட்டர். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் வேறு ஃபேனுக்குப் பக்கத்தில் ஆயில் ஆவியைச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஃபேன் அதை எடுத்துக் கூலர் மேல் பூசும். அதன்மேல் சாலைத் தூசி. வருடக்கணக்கில் அது கம்பளி போலப் படிந்துவிடும். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. கட்டிலைத் தூக்கி, விளக்கை ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே அடித்துப் பார்த்தபோது எனக்குக் கூலரின் தகடே தெரியவில்லை. அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒட்டியிருக்குமே, அதே பிசுக்கு.

கழுவும் முறை: எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரை பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். அலுமினியத்தை அரிக்காத டிகிரீசர் என்று லேபிளில் பார்த்து வாங்கி, கைத்தெளிப்பானால் எஞ்சின் பக்கத்திலிருந்து நன்றாக நனையுங்கள். பதினைந்து நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து சாதாரணத் தோட்டக் குழாயால் நீர் அடியுங்கள். வந்த வழியே அழுக்கு வெளியேறும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், தகடுகள் மடங்கிவிட்டால் காற்றுப் போகும் வழி நிரந்தரமாக அடைபடும். கீழே வரும் நீர் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஐந்து முறை ஆனது. நீரைப் பிடிக்க அடியில் தார்ப்பாய் விரித்து வையுங்கள், தெருச் சாக்கடைக்குப் போகக் கூடாது.

கழுவினால் மட்டும் போதாது. பிரீதர் குழாயில் இன்னொரு ஹோஸை மாட்டி, ஃபேன் காற்று எட்டாத இடம் வரை நீட்டி விடுங்கள். நடுவில் தொங்கலோ மடிப்போ இல்லாமல் கீழ்நோக்கியே போக வேண்டும். பள்ளத்தில் தங்கும் நீர் குளிரில் உறைந்தால் குழாய் அடைபட்டு, எஞ்சின் சீல்கள் வழியாக ஆயில் பிதுங்கும். இதற்கு எனக்கு ஆன செலவு மிகக் குறைவு. அடுத்த கோடையில் அதே கிரேப்வைனில் முள் 195ஐத் தாண்டவில்லை.

ஏற்றத்தில் சூடு ஏறினால் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்காதீர்கள். கியரைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து, எஞ்சின் சுற்றை மட்டும் உயர்த்தி வையுங்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும். டேஷ் ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள். 212ஐத் தொட்டால் ஓரம் கட்டுங்கள்.

ஆயில், கூலன்ட், காற்று

ஆயில் 15டபிள்யூ-40. மைல் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதுவும் குளிர்காலத்துக்கு நிறுத்துவதற்கு முன். அழுக்கு ஆயிலோடு ஆறு மாதம் நின்றால் அதில் உள்ள அமிலம் பேரிங்குகளைத் தின்னும். டிப்ஸ்டிக்கில் மட்டம் இறங்கினால் எல்லாரும் கவலைப்படுகிறார்கள், ஏறினால் யாரும் கவனிப்பதில்லை. ஏறினால் டீசலோ கூலன்ட்டோ கலக்கிறது. முகர்ந்து பாருங்கள், டீசல் கலந்திருந்தால் வாடை சொல்லிவிடும். பழைய ஆயிலில் சிறிது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் இன்னும் தெளிவு: சிலிக்கான் கூடியிருந்தால் தூசி போகிறது, சோடியமோ பொட்டாசியமோ கூடியிருந்தால் கூலன்ட் கசிகிறது என்று சந்தேகப்படலாம். எஞ்சின் சூடான பிறகு ஆயில் அழுத்தம் ஐடிலில் 10, ஓட்டத்தில் 30 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது.

கூலன்ட் பச்சையாக இருப்பதால் நல்லது என்று அர்த்தமில்லை. டீசல் எஞ்சினுக்கான சேர்மானம் அதில் காலப்போக்கில் தீர்ந்துவிடும். அதைப் பார்க்கச் சோதனைத் தாள்கள் கிடைக்கின்றன. முன்பு ஊற்றியது எந்த வகை என்று தெரியாவிட்டால் மேலே கலக்காதீர்கள். முழுதும் வடித்து, கழுவி, ஒரே வகையாக நிரப்புங்கள். வடித்ததை நாய் நக்கும் இடத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், கொடிய விஷம்.

ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து மீண்டும் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இதில் வேண்டாம். தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால் டர்போ நேராகத் தூசியைக் குடிக்கும். ஃபில்டரிலிருந்து டர்போ வரை வரும் ரப்பர் முழங்கையைக் கையால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

டாப்பெட்

டாப்பெட் பார்ப்பது என்றால் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. இதற்குப் புதியவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் 12 வால்வு எஞ்சினில் இது நிதானமான, இனிமையான வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம். ஆறு மூடிகளையும் கழற்றுங்கள். ஃப்ளைவீல் ஹவுசிங்கில் எஞ்சின் சுற்றும் கருவிக்கான துளை உண்டு, அதில் மாட்டிச் சுற்றுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷன் மேல்முனைக்கு வரும்போது அதன் இரண்டு ராக்கரும் தளர்ந்திருக்கும், ஆறாவது இறுக்கமாக இருக்கும். அந்த நிலையில் 1, 2, 4இன் இன்டேக், 1, 3, 5இன் எக்ஸாஸ்ட் பாருங்கள். எஞ்சின் முன்பக்கத்து டேம்பர் சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, சரியாக ஒரு முழுச் சுற்று. இப்போது 3, 5, 6இன் இன்டேக், 2, 4, 6இன் எக்ஸாஸ்ட். கேஜ் போய் வரும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். லாக் நட்டை 18 அடி-பவுண்டுக்கு இறுக்கிய பிறகு மறுபடியும் கேஜை விட்டுப் பாருங்கள், இறுக்கும்போது ஸ்க்ரூ கொஞ்சம் கூடவே சுற்றியிருக்கும். மேல்முனை பார்க்கும் டைமிங் பின்னைப் பயன்படுத்தினால், சுற்றுவதற்கு முன் அதை வெளியே இழுத்துவிட வேண்டும். மறந்தால் உடையும்.

சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பேட்டரி, எர்த் கேபிள் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தாகிவிட்டது, எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, புகைகூட வரவில்லை என்றால் டீசலை அடைக்கும் சொலினாய்டைப் (மின்சாரம் வந்தால் பம்பின் லீவரை இழுத்துப் பிடிக்கும் காயில்) பாருங்கள். பி7100 பம்பின் பக்கத்தில் இருக்கும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் கட்டிலடியில் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது லீவர் மேலே இழுக்கப்பட வேண்டும். இழுக்காவிட்டால், சாவி ஆனில் இருக்கும்போது லீவரைக் கையால் மேலே தூக்குங்கள். அங்கேயே நின்றால், பிடிக்கும் காயில் நன்றாக இருக்கிறது, இழுக்கும் பக்கத்து ரிலேயோ ஒயரோதான் கோளாறு. இப்படி லீவரைத் தூக்கி விட்டாலே வண்டி வீடு வந்து சேரும்.

புதியவர் தொடக் கூடாத ஒன்று

12 வால்வு எஞ்சினில் கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு நேராக்கும் ஒரு சிறு எஃகுப் பின் உண்டு. அதிர்வில் அது மெல்ல நழுவி டைமிங் பல்சக்கரங்களுக்கு நடுவே விழலாம். ஹவுசிங் உடையும், சில நேரம் எஞ்சினே போகும். தீர்வு எளியது: முன் கவரைக் கழற்றி, அந்த எஃகுப் பின் வெளியே வராதபடி ஒரு தகட்டை போல்ட்டுக்கு அடியில் கொடுப்பது. ஆனால் நம் வண்டியில் அந்தக் கவர் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கிறது. கூலரும் ரேடியேட்டரும் கழற்ற வேண்டிய வேறு வேலை வரும்போது சேர்த்துச் செய்யுங்கள், பழகிய மெக்கானிக்கை வைத்துக்கொண்டு. அதுவரை அந்தக் கவரைச் சுற்றி ஆயில் கசிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வாங்கும்போதே இது செய்யப்பட்டதா என்று பழைய ரசீதுகளில் தேடுங்கள். 24 வால்வு வாங்குபவர்கள் பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்ற எண் வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த பிளாக்குகளில் சில வெடித்திருக்கின்றன.

நிறுத்தி வைக்கும்போது

டேங்க் நிறைய டீசல், புது ஆயில், முழு சார்ஜில் பேட்டரி. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விடுவது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஐடிலில் டீசல் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும், ஈரம் எக்ஸாஸ்டில் தங்கும். அதைவிட ஸ்டார்ட் செய்யாமலே விடலாம். செய்தால் சாலையில் இறக்கி, முள் 180க்கு வந்த பிறகும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் டர்போ ஆற மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஏர் டேங்குகளின் வடிகாலைத் திறந்து நீரை இறக்குங்கள். நான் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலையில் போகிறேன். கட்டிலைத் தூக்கி, ஒரு விளக்கு அடித்துப் பார்த்து, பாட்டிலில் ஒரு டம்ளர் டீசல் பிடித்த பிறகுதான் சாவியைத் திருப்புவது.